எங்கள் இருவர் பெயரையும் சொன்ன குரல்

ஜுலைகா மேடம் இறந்துபோன செய்தி, என் வீட்டுக்காரரின் கைபேசி வழியாகத்தான் எனக்கு வந்தது. மேடத்தைப் பற்றிய எந்தச் செய்தியும் எனக்கு அப்படித்தான் வந்திருக்கிறது. முதலில் அவருக்கு, மிச்சம் எனக்கு. அன்று வெள்ளிக்கிழமை. விளக்கேற்றி முடித்து, வாரச் செலவை எழுதிக்கொண்டிருந்தேன். வேலையிலிருந்து வந்தவர் ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு, இன்னொன்று காலிலேயே இருக்க, வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். கையில் கைபேசி.

"மேடம் போயிட்டாக" என்றார்.

மேடம் சொந்த ஊரான தொண்டியில் சில மாதங்களாகப் படுக்கையில் இருந்தது எங்களுக்குத் தெரியும். தெரிந்திருந்தும் அவர் அழுதார். அவரைப் பெற்ற அய்யா இறந்த அன்று அழுததற்குப் பிறகு அவர் அழுது நான் பார்த்ததில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றேன். அப்போது எனக்குத் தோன்றிய முதல் நினைப்பை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். நான் போனால் இவர் இப்படி ஒற்றைச் செருப்போடு உட்காருவாரா?

மேடம் நினைவாகக் கம்பெனி கொண்டுவரும் இந்த மலருக்கு எழுதித் தரும்படி கேட்டது என் வீட்டுக்காரரைத்தான். இரண்டு வரி எழுதினார், அடித்தார், மறுபடி இரண்டு வரி. கடைசியில் தாளை என் பக்கம் நகர்த்தி, "நீதான் கோர்வையா எழுதுவ, நீயே எழுது" என்றார். மேடத்தின் மேல் பிரியம் வைத்தவர்கள் எழுதியவை இந்த மலரில் நிறைய இருக்கும். பொறாமைப்பட்ட ஒருத்தி எழுதியதும் ஒன்று இருக்கட்டும்.

உங்களில் பலர் அந்தக் கம்பெனியில் இறால் உரித்தவர்கள். மேடம் வருவதற்கு முன் அங்கே இருந்த ஜன்னலை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். லீவு கேட்பதா, பி.எஃப். கேட்பதா, சம்பளச் சீட்டில் சந்தேகமா, எல்லாவற்றுக்கும் அந்த ஒரு ஜன்னல்தான். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் திறக்கும். ஐஸில் விறைத்த கையை முந்தானையில் பொத்திக்கொண்டு வரிசையில் நிற்பீர்கள். உங்கள் முறை வருவதற்குள் மணி அடித்துவிடும். அந்த ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருந்த டைம் ஆபீஸ் கிளார்க்தான் என் வீட்டுக்காரர். அவர் கெட்டவர் இல்லை. ஒற்றை ஆள், அவ்வளவுதான். ஆனால் "கியூ வாசல் கேட்டு வரைக்கும் நிக்கிது" என்று வீட்டில் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் பெருமையும் இருக்கும்.

மேடம் கணவரோடு வளைகுடாவுக்குப் போய், அங்கே ஒரு கம்பெனியின் ஹெச்.ஆர். பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவர். வயதான தகப்பனாரைப் பார்த்துக்கொள்ள ஊர் திரும்பியபோது இங்கே சேர்ந்தார். முதல் வாரத்தில் என் வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்ததும் சொன்னார். "புதுசா ஒரு அம்மா வந்திருக்கு. வந்ததும் வராததுமா ஜன்னலை மூடணுங்குது. மூடிட்டு என்னைய எங்கன உக்கார வைக்கப்போகுதோ."

அவருக்கு அந்த அம்மாவைப் பிடிக்காமல் போனதில் எனக்கும் மகிழ்ச்சி. கணவனும் மனைவியும் சேர்ந்து ஒருவரைக் குறை சொல்வதில் ஒரு சுகம் இருக்கிறது. அந்தச் சுகம் ஒரு மாதம்கூட நிலைக்கவில்லை. அந்த அம்மா, மேடம் ஆனார். அப்புறம் எதற்கெடுத்தாலும் "மேடம் சொன்னாக." ஒருநாள் குழம்பில் உப்பே போடாமல் இறக்கிவிட்டேன். அவர் கவனிக்கவில்லை. அன்று மேடம் என்ன சொன்னார் என்பதைச் சொல்லிக்கொண்டே முழுவதையும் சாப்பிட்டு முடித்துவிட்டார்.

மேடம் அன்று சொன்னது இது. "ஜன்னலைத் தேடி ஆள் வரக்கூடாது. ஆளைத் தேடிப் பதில் போகணும்." ஜன்னலில் வந்த கேள்விகளையெல்லாம் கட்டம் போட்டுப் பிரித்திருக்கிறார். பாதிக்கு மேல் திரும்பத் திரும்ப வந்த அதே சில கேள்விகள்தானாம். "நானும் இத்தனை வருசமா ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாச் சொல்லிக்கிட்டுக் கெடந்திருக்கேன் பாரு" என்று என் வீட்டுக்காரர் வியந்தார்.

நான் பள்ளிக்கூடம் அதிகம் போனவள் இல்லை. பஞ்சாங்கத்தையும் கோயில் நோட்டீசையும் மளிகைப் பொட்டலத் தாளையும் படித்துப் படித்து எழுத்துக் கூட்டியவள். அப்படிக் கற்றுக்கொண்டு வீட்டுச் செலவை வகைவாரியாகக் கட்டம் போட்டு எழுதிவருகிறேன். அவர் ஒருநாளும் அதை எடுத்துப் பார்த்ததில்லை. மேடம் கட்டம் போட்டால் அதிசயம். நான் போட்டால் பால் கணக்கு.

ஜன்னலுக்குப் பதிலாக மேடம் கொண்டுவந்தது ஒரு போன் லைன். எழுதத் தெரிய வேண்டாம், நின்று காத்திருக்க வேண்டாம். வீட்டிலிருந்தே கூப்பிடலாம். பதிந்துவைத்த மேடத்தின் குரல் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கும். பெயர் என்ன, டோக்கன் நம்பர் என்ன, கணவர் பெயர் என்ன, என்ன வேண்டும். சொல்வதை மெசின் எழுத்தாக்கி உரியவருக்கு அனுப்பும். நாம் சொன்னது சரிதானா என்று நாமே கேட்டுக்கொள்ள, நம் பேச்சு நமக்கே வாட்ஸ்அப்பில் திரும்பி வரும். பதிலும் பேச்சாகவே வரும். நல்ல ஏற்பாடுதான், நானே சொல்கிறேன்.

ஆனால் முதல் வாரத்திலேயே அது படுத்துவிட்டது. கூப்பிட்டவர்கள் நிறைய. முடித்தவர்கள் சொற்பம். கல்யாணமான பெண்கள் பெரும்பாலும் பாதியிலேயே போனை வைத்துவிட்டார்கள். சென்னையிலிருந்து ஆள் வந்து பார்த்து, மெசினில் பழுதில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். "இதுகளுக்கு இதெல்லாம் ஏறாது மேடம்" என்றார் ஒரு சூப்பர்வைசர். மாத முடிவுக்குள் சரியாகாவிட்டால் பழைய ஜன்னலையே திறந்துவிடுவது என்று முதலாளி சொல்லிவிட்டார்.

"மெசினையும் திட்டாதீங்க, அவுகளையும் திட்டாதீங்க. நாம கேட்டதுலதான் என்னமோ இருக்கு" என்று மேடம் சொன்னாராம். ஆனால் அது என்னவென்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. உங்களிடமே கேட்டார். நீங்கள் "நல்லாருக்கு மேடம்" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டீர்கள். என் வீட்டுக்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எனக்கு இறங்கியது. மாத முடிவுக்காகக் காத்திருந்தேன். ஜன்னல் திறக்கட்டும், என் மனிதர் பழையபடி எனக்குத் திரும்பி வரட்டும் என்று இருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மேடம் எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்று என் வீட்டுக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

அந்தப் பெயரை நான் வாய் திறந்து சொன்னதில்லை. எங்கள் பக்கத்தில் எத்தனையோ பெண்களைப் போலத்தான் நானும். கோயிலில் அர்ச்சனைக்குக்கூட சீட்டில் எழுதித்தான் நீட்டுவேன், குருக்கள் வாசிப்பார். நான் உள்ளுக்குள்ளேயே வைத்திருந்த பெயர், அந்த அம்மாள் வாயிலிருந்து 'அந்தப் பேனாவை எடுங்க' என்பதுபோல் சாதாரணமாக வந்தது. அதைக் கேட்டு இவர் "மேடம்!" என்று ஓடினார். நான் கூப்பிட்டு அப்படி ஓடிவந்ததில்லை.

காப்பி போட்டுக் கொடுத்தேன். இரண்டு மிடறு குடித்துவிட்டு, "நீங்க கொஞ்சம் வெளியில போயிட்டு வாங்களேன்" என்று மேடம் அவரை அனுப்பிவிட்டார். என் வீட்டிலிருந்து என் வீட்டுக்காரரை! அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கு என்னையப் பிடிக்கலை, இல்லையா?"

"அய்யய்யோ, அப்படியெல்லாம் இல்லைங்க."

"காப்பியில சீனி இல்லை."

"மறந்துபோச்சுங்க."

"அவருக்கு ஊத்துனதுல இருந்துச்சே. நல்லாருக்குன்னாரு."

நான் சீனி டப்பாவை எடுக்க எழுந்தேன். மேடம் சிரித்தார்.

"நான் கோவிச்சுக்க வரலை. எனக்கு இப்ப அப்படி ஒரு ஆளுதான் வேணும். கம்பெனியில பூராப் பேரும் நல்லாருக்கு, நல்லாருக்குங்குறாக. என்னையப் பிடிக்காதவுகதான் உள்ளதைச் சொல்லுவாக. இந்த லைன்ல கொஞ்சம் பேசிப் பாத்துச் சொல்லுங்களேன்."

சந்தோஷமாகப் போனை எடுத்தேன். குறை கண்டுபிடிக்கச் சொல்லி, குறைக்கு உரியவரே வந்து கேட்பது எல்லோருக்கும் வாய்க்காது. பெயர் கேட்டது, "சண்முகவள்ளி" என்றேன். டோக்கன் நம்பருக்கு மேடம் கொடுத்த ஒரு நம்பரைச் சொன்னேன். அடுத்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் குரலே போனுக்குள்ளிருந்து கேட்டது, உங்கள் கணவர் பெயர் என்ன?

பேசாமல் இருந்தேன். கேட்கவில்லை, மறுபடியும் சொல்லுங்கள் என்றது. "அவுகதான்" என்றேன்.

"அவுகதான் என்ற பெயர் பதிவாகிறது. சரியா?" என்றது போன்.

வைத்துவிட்டேன்.

"ஏன் வச்சிட்டீங்க?" என்றார் மேடம்.

"அதை எப்படிங்க நான் சொல்றது?"

"எதை?"

"அதான், அது கேக்குறதை."

மேடம் என்னையே பார்த்தார். சட்டென்று தன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "யா அல்லா! எங்க உம்மா மவுத்தாகிக் கண்ணை மூடுற வரைக்கும் எங்க வாப்பா பேரைச் சொன்னதில்லையே! ரேசன் கடையில கேட்டா என்னையத்தான் முன்னாடி தள்ளிவிடுவாக, 'நீ சொல்லுடி'ன்னு. அந்த உம்மாவுக்குப் பொறந்துட்டு, நானா இந்தக் கேள்வியப் போட்டேன்!" சொல்லிவிட்டுக் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். தன் தவறைக் கண்டு அப்படிச் சிரிக்கும் ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. என்னாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அதற்காகவும் அவர் மேல் கோபம் வந்தது.

பிறகு என்னை மறுபடியும் கூப்பிடச் சொன்னார். அந்தக் கேள்வி வந்ததும் போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "சண்முகவள்ளியோட வீட்டுக்காரர் பேரு" என்று தொடங்கி, இனிஷியலோடு முழுப் பெயரையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். சற்று நேரத்தில் அந்தப் பேச்சு என் கைபேசிக்குத் திரும்பி வந்தது. நான் சொல்ல முடியாததை எனக்காகச் சொன்னாரே என்று நன்றி வந்திருக்க வேண்டும். எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டார் என்பதுதான் எனக்கு வந்தது.

அடுத்த நாள் கம்பெனிக் கூடத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியும். மேடம் என்னையும் வரச் சொல்லியிருந்தார். அந்தக் கேள்வியையே எடுத்துவிடலாமே என்று ஒருவர் சொன்னார். "ஒரே பேருல பத்து முனீஸ்வரி இருக்காக. அவசரம்னா எந்த வீட்டுக்குச் சொல்றதுன்னு தெரிய வேணாமா? கேட்டது தப்பில்லை, கேட்ட விதந்தான் தப்பு" என்றார் மேடம். பிறகு உங்களைப் பார்த்து, "புருசன் பேரை இனிமே நீங்க சொல்ல வேணாம். பக்கத்துல இருக்கவுக உங்களுக்காகச் சொல்லலாம். லைன் ஏத்துக்கும்" என்றார்.

கூடமே சிரிப்பும் கூச்சலுமாகிவிட்டது. எனக்கு முன்னால் மாரியூர் முனீஸ்வரியும் அவள் கூட்டாளி பாத்திமாவும் ஒரே போனுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஏ முனீசு, எம்புருசன் பேரை ஏண்டி இம்புட்டு இழுத்து இழுத்துச் சொல்ற?"

"நீதான் சொல்ல மாட்டேங்குற. எப்படித்தான் இருக்குன்னு நான் சொல்லிப் பாக்கேன்."

"பாத்ததெல்லாம் போதும். போனைக் குடு. ஒம்புருசன் பேரை நான் எப்படிச் சொல்றேன்னு பாரு."

"கொஞ்சம் மெதுவாச் சொல்லுடி. கடல்ல இருக்கற மனுசனுக்குக் காதுல விழுந்திரப் போகுது."

அந்தச் சிரிப்பைப் பார்த்து நின்றபோது எனக்கு உங்கள் எல்லோர் மேலும்கூடப் பொறாமை வந்தது. உங்களுக்குப் பக்கத்தில் ஒருத்தி இருந்தாள். எனக்குப் பக்கத்தில் மைக்கோடு மேடம்தான் நின்றுகொண்டிருந்தார். அவர் என் தோளில் கை வைத்து, "என்ன கோளாறுன்னு காட்டிக்குடுத்தது இவுகதான். பேரு சண்முகவள்ளி" என்றார்.

என் பெயரை ஒலிபெருக்கியில் கேட்டது அன்றுதான். வீட்டில் அதைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. என் வீட்டுக்காரர் "இந்தா" என்பார், மற்றவர்களுக்கு நான் டைம் ஆபீஸ்காரர் வீட்டம்மா. நீங்கள் கை தட்டினீர்கள். தட்டும்போதும் உங்கள் கண் மேடத்தின் மேல்தான் இருந்தது, அதையும் பார்த்தேன்.

ஜன்னல் மறுபடி திறக்கவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் என்று விடிகாலையில் படுக்கையிலிருந்தே லீவு கேட்டு, பஸ் வருவதற்குள் பதில் வாங்கியவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். என் வீட்டுக்காரர் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு அந்தப் பதில்களை அனுப்பும் வேலைக்கு வந்தார். "பதில் தெரியாட்டியும் பதில் சொல்லணும். 'இன்னும் தெரியலை, நாளைக்குச் சொல்றேன்'ங்குறதும் பதில்தான்" என்று மேடம் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். அதை அவர் வீட்டிலும் கடைப்பிடிக்கத் தொடங்கினார். முன்பெல்லாம் நான் கேட்டால் சுவரைப் பார்ப்பவர், "இன்னும் யோசிக்கலை, ராத்திரிக்குச் சொல்றேன்" என்று சொல்லி, சொன்னபடி சொல்லவும் செய்தார். அது மேடம் எனக்குச் செய்த உபகாரம். என் புருஷன் எனக்குப் பதில் சொல்ல இன்னொருத்தி கற்றுக்கொடுக்க வேண்டியிருந்ததே என்று அதிலும் எனக்கு எரிந்தது.

நோய் முற்றி மேடம் தொண்டியோடு இருந்துவிட்ட பிறகு, இருவரும் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தோம். இவர் மேடத்தின் வாப்பாவோடு வெளியில் உட்கார்ந்துகொண்டார். பெண்கள் இருக்கும் அறைக்குள் நான் மட்டும் போனேன். மெலிந்திருந்தார். கண்ணில் மட்டும் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது.

"என்ன சண்முகவள்ளி, இன்னும் பிடிக்கலையா?"

"இன்னும் பிடிக்கலைங்க" என்றேன்.

"நல்லவேளை. வர்றவுக பூராம் என்னையப் புகழுறாக. கேக்கப் பயமாருக்கு. நீங்களாச்சும் ஒரு குறை சொல்லுங்க."

"லைன்ல ரொம்ப வேகமாப் பேசுறீக. என்னைய மாதிரி ஆளுக்குப் பிடிபடலை."

"இதை இத்தனை நாளாச் சொல்லாம வச்சிருந்தீகளா? அந்தத் தண்ணிய எடுங்க" என்றார். ஒரு வாய் குடித்துவிட்டு, தலையணையில் சாய்ந்தபடி, கேள்விகள் அத்தனையையும் நிறுத்தி நிறுத்திச் சொல்லித் தன் கைபேசியில் பதிந்து கம்பெனிக்கு அனுப்பினார். நடுநடுவே இளைத்தது. போதும் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த நேரம் மேடம் எனக்கு மட்டும் பேசுவதுபோல் இருந்தது. இவர் வெளியில் இருந்தார்.

கடைசி மாதங்களில் நீங்கள் லைனில் கேட்ட நிதானமான குரல் அன்று பதிந்ததுதான். இப்போது அது அங்கே இல்லை. மேடம் மறைந்த பிறகு, அந்தக் குரலைக் கேட்டதும் பெண்கள் கூப்பிட்ட விஷயத்தை விட்டுவிட்டு அழுகிறார்கள் என்று எடுத்துவிட்டு, விலைக்கு வாங்கிய வேறு குரலைப் போட்டிருக்கிறார்கள். சரியான காரியம்தான். மேடமே இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்.

போன வாரம் சாப்பிட்டுக் கை கழுவியதும் என் வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார். "முதல்முதல்ல நம்ம வீட்டுல வச்சு மேடம் பேசுனது ஒன்னு உன் போனுக்கு வந்துச்சே. இருக்கா?"

"இருக்கு."

"எனக்கு அனுப்பேன்."

"மாட்டேன்."

"ஏன்?"

"உங்களோட நித்தம் பேசுனாக. இது எனக்காகப் பேசுனது."

அவர் என் கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அப்போது ஒன்று வந்து நின்றது. எனக்கு நன்றாகப் பழக்கமானது அது. இத்தனை வருடம் என் முகத்தில் இருந்ததுதான்.

மேடத்தின் பொருள் என்று என்னிடம் வேறு எதுவும் இல்லை. காலையில் விளக்கேற்றிவிட்டு, அவருக்கு நல்ல இடம் கொடு என்று சாமியிடம் கேட்டுவிட்டு, அந்தப் பதிவை ஒருமுறை போட்டுக் கேட்கிறேன். முதலில் என் பெயர் வருகிறது, பின்னாலேயே என் வீட்டுக்காரர் பெயர். கோயில் குருக்களைத் தவிர, எங்கள் இரண்டு பெயரையும் சேர்த்து ஒரே பேச்சில் சொன்னவர் மேடம் ஒருவர்தான். அதைக் கேட்டுவிட்டுக் கைபேசியை இடுப்பில் செருகிக்கொண்டு அடுப்படிக்குப் போகிறேன். கீழே வைப்பதில்லை.